மலையில்லாத ஊரில் மலைச் சைக்கிள்

கால் நூற்றாண்டைத் தாண்டிய ஒரு மலைச் சைக்கிளுக்கு மாற்றுக் கிராங்க் தொகுதி தேடுவது எத்தகைய வேலை என்பதை அதில் இறங்கியவர்களே அறிவர். பொலிஸ் முறைப்பாட்டிலும் நீதிமன்ற அறிக்கையிலும் நாம் 'துவிச்சக்கர வண்டி' என்று மரியாதையாக எழுதுகிறோம். அந்த வண்டியின் உறுப்புகளுக்கோ நமது செய்தித் தமிழில் பெயரில்லை. ஆகவே கடைத்தெருவில் வழங்கும் சொற்களையே இங்கும் எடுத்தாள்கிறேன். பெடல் பூட்டப்படும் இரண்டு கைகள், வலக் கையோடு சேர்ந்த பற்சில்லுகள் ஆகியன சேர்ந்தது கிராங்க் தொகுதி. அந்த இரண்டு கைகளையும் இணைத்துக்கொண்டு சட்டகத்தின் அடிவயிற்றுக்குள் சுழல்வது பி.பி. அச்சு.

என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து பழைய சைக்கிளாக வந்திறங்கிய வண்டி. உருக்குச் சட்டகம், 26 அங்குலச் சக்கரம், பின்னால் ஏழு சில்லுகள், முன்னால் மூன்று. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் செய்யப்பட்டது என்பதை அதன் உறுப்புகளைக் கொண்டு சொல்லலாம். முன்சில்லுகளின் பற்கள் 42, 32, 22. இவற்றில் நடுச்சில்லு தேய்ந்து, பற்கள் சுறாவின் செட்டைபோல ஒருபுறம் சாய்ந்துவிட்டன. பாரம் ஏற்றி மிதித்தால் செயின் பற்களின்மேல் வழுக்கித் துள்ளுகிறது. அதைவிடப் பெரிய கோளாறு இடப்புறத்தில். இடக் கிராங்கின் சதுரத் துளை அகன்று, ஒவ்வொரு மிதிக்கும் 'டக்' என்று ஒலிக்கிறது. அலுமினியம் மென்மையானது, அச்சு உருக்கு. போல்ட்டு ஒருமுறை தளர்ந்து அந்த நிலையில் சிறிது தூரம் ஓடினால், உருக்கு அலுமினியத்தைத் தின்றுவிடும். அதன்பின் எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை.

'பழைய வண்டிக்கு இவ்வளவு பாடா? விற்றுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கலாமே' என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்கு நான் 2022ஆம் ஆண்டை நினைவூட்டினேன். அவ்வாண்டு ஏப்ரல் மாதம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. ஜூன் 27ஆம் திகதி, அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் வழங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. ஜூலையில் கியூ.ஆர். அட்டை வந்தது, 2023 செப்டெம்பரில்தான் அது விலக்கப்பட்டது. எரிபொருள் நிலையத்தின் வரிசையில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு நின்றவர்கள், வீட்டின் பின்புறத்தில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் தேடி எடுத்த காலம் அது. புதிய சைக்கிள்களின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிற்று. செய்தி சேகரிக்க மதுரங்குளியிலிருந்து பாலாவிக்கும் புத்தளத்துக்கும் நான் போய்வந்தது இந்த வண்டியில்தான். நெருக்கடி வந்தால் புதிது கிடைக்காது, கையில் உள்ளதுதான் ஓடவேண்டும். அன்று கற்ற பாடம் இதுவே. ஆகவே கிராங்க் தேடும்போது எனது கேள்வி 'எது சிறந்தது?' என்பதாக இருக்கவில்லை. 'அடுத்த முறை இது பழுதானால் இதே ஊரில் திறக்க முடியுமா?' என்பதே கேள்வி.

கேள்வி தெளிவானபின் அளவுகளுக்கு வந்தேன்.

முதலில் செயின். செயினின் ஒவ்வொரு கண்ணியும் அரை அங்குலம். பன்னிரண்டு முழு இணைப்புகள், அதாவது 24 கண்ணிகள், புதிதாக இருக்கும்போது ஆணி மையத்திலிருந்து ஆணி மையம்வரை சரியாக 12 அங்குலம் இருக்கும். அது 12 1/16 அங்குலம் ஆனால் செயினை மாற்றவேண்டும். 12 1/8 அங்குலம் ஆகிவிட்டால் செயினோடு சில்லுகளும் போய்விட்டன என்று பொருள். எனது செயின் இரண்டாவது எல்லையைத் தொட்டிருந்தது. தேய்ந்த செயினில் புதிய சில்லைப் பூட்டுவது, பழைய செருப்பில் ஒன்றை மட்டும் புதிதாக வாங்குவது போன்றது. செயினும் பின்சில்லுத் தொகுதியும் பட்டியலில் சேர்ந்தன.

அடுத்து, முன்சில்லுகள் போல்ட்டால் பூட்டப்பட்டுள்ளனவா, அல்லது தறைந்து ஒட்டப்பட்டுள்ளனவா என்று பார்க்கவேண்டும். மலிவான தொகுதிகளில் மூன்று சில்லுகளும் தறையாணியால் ஒன்றாக இணைக்கப்பட்டிருக்கும். ஒன்று தேய்ந்தால் மூன்றையும் கையோடு சேர்த்து எறியவேண்டியதுதான். போல்ட்டால் பூட்டியவற்றில் தேய்ந்த சில்லை மட்டும் மாற்றலாம். ஆனால் போல்ட்டுத் துளைகள் அமைந்துள்ள வட்டத்தின் விட்டம் ஒத்துப்போகவேண்டும். ஐந்து கைகள் கொண்ட தொகுதியில் அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தை அளந்து 1.7ஆல் பெருக்கினால் அந்த விட்டம் கிடைக்கும். எனக்கு வந்தது 55.3 மில்லிமீற்றர். பெருக்கினால் 94.

இந்த 94 என்ற எண்ணில்தான் எனது சிக்கல் முழுவதும் அடங்கியிருந்தது. அதை விளங்கிக்கொள்ள மலைச் சைக்கிளின் வரலாற்றுக்குள் சற்றே போகவேண்டும்.

மலைச் சைக்கிள் எந்த ஆய்வுகூடத்திலும் பிறந்ததன்று. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் மரீன் மாவட்டத்து இளைஞர்கள், 1970களில், பருத்த டயர் பூட்டிய பழைய சைக்கிள்களைக் குன்றுப் பாதைகளில் இறக்கி விளையாடினார்கள். உடைந்ததற்குப் பதில் வேறொரு வண்டியின் உறுப்பைப் பூட்டினார்கள். 1977இல் ஜோ பிரீஸ் என்பவர் அந்த விளையாட்டுக்கென்றே சட்டகம் செய்தார். 1921இல் ஜப்பானின் சக்காய் நகரில் தொடங்கிய ஷிமானோ நிறுவனம், 1982இல் மலைச் சைக்கிளுக்கென்றே டியோர் எக்ஸ்.டி. என்ற உறுப்புத் தொகுதியை வெளியிட்டது. மாற்றி மாற்றிப் பூட்டிப் பார்த்ததில் பிறந்த வண்டி, பின்னர் மாற்றிப் பூட்ட முடியாத வண்டியாகிப் போனது ஒரு விந்தை.

எண்பதுகளின் மலைச் சைக்கிள்களில் அந்த வட்டத்தின் விட்டம் பெரும்பாலும் 110 மில்லிமீற்றர். உட்சில்லுக்கு 74. தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் எடையைக் குறைக்கவேண்டும் என்று சில்லுகளைச் சிறிதாக்கி, விட்டத்தை 94 ஆகவும் 58 ஆகவும் சுருக்கினார்கள். சில ஆண்டுகளில் அதையும் கைவிட்டு, நான்கு கைகளும் 104 மில்லிமீற்றர் விட்டமும் கொண்ட அமைப்புக்குத் தாவினார்கள். இடையில் பிறந்த 94 அநாதையாயிற்று. ஆனால் அதற்கு முந்திய 110 சாகவில்லை. பிற்காலத்தில் பந்தயச் சைக்கிள்களைச் செய்தவர்கள் சிறிய சில்லுகளுக்காக அதே விட்டத்தை எடுத்துக்கொண்டதால், இன்றும் 110க்குச் சில்லுகள் கிடைக்கின்றன. புதியது என்பதால் ஒன்று நீடிப்பதில்லை, பலர் கையாண்டால்தான் நீடிக்கிறது. பத்திரிகை அச்சகங்களில் எத்தனையோ இயந்திரங்கள் வந்துபோனதைப் பார்த்தவனுக்கு இது புதிய செய்தியன்று.

அளவுகளில் எஞ்சியது அச்சு. எனது சட்டகத்தின் அச்சுக்குழாய் 68 மில்லிமீற்றர் அகலம், ஆங்கிலேய மரை. அச்சின் முனைகள் சதுரமாகக் கூம்பியவை. இந்தச் சதுரத்திலும் இரண்டு சாதிகள் உண்டு. ஜப்பானிய அளவு ஒன்று, ஐரோப்பியப் பந்தய வண்டிகளில் வழங்கிய ஐ.எஸ்.ஓ. அளவு மற்றொன்று. பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஐ.எஸ்.ஓ. அச்சில் ஜப்பானியக் கிராங்கைப் பூட்டினால் அளவுக்கு மீறி உள்ளே போகும், எதிர்மாறாகப் பூட்டினால் வெளியே துருத்தி நிற்கும். ஜப்பானிலிருந்து வந்த வண்டிக்கு ஜப்பானிலிருந்து வந்த கிராங்கைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பற்களின் எண்ணிக்கைக்கு வருவோம். இங்குதான் ஊரின் தரை பேசத் தொடங்குகிறது. மதுரங்குளியில் மலை ஏது? கொழும்பு–புத்தளம் வீதி பலகைபோல் கிடக்கிறது. தென்னந்தோப்பு, ஒருபுறம் களப்பு, வடக்கே போனால் உப்பளம். 22 பற்கள் கொண்ட உட்சில்லு இத்தனை ஆண்டுகளில் தேயவே இல்லை. பூட்டிவந்த நாளில் இருந்தபடியே பளபளக்கிறது. நமக்குள்ள ஏற்றம் காற்றுதான். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர்வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசும் நாள்களில், புத்தளத்துக்குப் போகும் சுமார் 15 கிலோமீற்றரும் முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல் போய்ச்சேரலாம். திரும்பி வருகையில் அதே காற்று நெஞ்சில் கைவைத்து நிறுத்தும். கல்பிட்டிப் பக்கம் காற்றாலைகளை நட்டவர்கள் காரணமில்லாமல் நடவில்லை. மலையேற்றம் உச்சியில் முடிந்துவிடும், இறக்கமும் உண்டு. காற்று வீட்டு வாசல்வரை முடிவதில்லை.

கணக்கை எழுதிப் பார்த்தேன். எனது சக்கரம் ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 2.05 மீற்றர் நகரும். முன்னால் 36 பற்களும் பின்னால் 18 பற்களும் இருந்தால் ஒரு மிதிக்கு 4.1 மீற்றர். நிமிடத்துக்கு 70 மிதி என்றால் மணிக்கு 17 கிலோமீற்றர். எதிர்காற்றில் பின்சில்லை 21க்கு மாற்றினால் 15 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. முதுகுக்காற்றில் முன்னால் 46, பின்னால் 15 என்றால் 26 கிலோமீற்றர். ஐம்பதைக் கடந்த முழங்காலுக்கு முக்கியம் வேகமன்று, அந்த 70 என்ற எண் மாறாதிருப்பதே. கனமான கியரில் மெதுவாக அழுத்தி மிதிப்பது முழங்காலைத் தின்னும். இலேசான கியரில் விரைந்து சுற்றுவது அதைக் காக்கும். எனக்கு வேண்டியவை 46, 36, 26 என்று முடிவாயிற்று. அது பழைய 110 விட்டத்துத் தொகுதிகளில் வழக்கமாக இருந்த அளவு. கிராங்கின் நீளம் 175 மில்லிமீற்றருக்குப் பதில் 170 இருந்தால் முழங்கால் மடிவதும் சற்றுக் குறையும்.

ஊரில் சைக்கிள் திருத்தும் தம்பியிடம் இந்தக் கணக்கையெல்லாம் எடுத்துக்கொண்டு போனேன். அவர் தாளைப் பார்க்கவில்லை, வண்டியைப் பார்த்தார்.

"நானா, இதக் கழட்டி எறிஞ்சிட்டு புதுசா ஒரு செட் போடுவோம். இரும்புச் சில்லு, விலையும் கொறவு. ரெண்டு வருஷம் ஓடும்."

"அதுக்குப் பிறகு?"

"அதுக்குப் பிறகு இன்னொரு செட்."

அவர் சொன்னது தறையாணித் தொகுதி. அவசரத்துக்கு அது குற்றமில்லை. பாடசாலைப் பிள்ளைகளின் வண்டிகளில் பெரும்பாலும் அதுதான் ஓடுகிறது. அதே நேரம், கொழும்பிலுள்ள ஓர் உறவினர் புதிய வகை ஒன்றை அனுப்பிவைக்க முன்வந்திருந்தார். அச்சும் வலக் கையும் ஒரே துண்டாக, குழல்போல உள்ளீடற்று இருக்கும். குண்டுப்போளங்கள் சட்டகத்துக்கு வெளியே அமைந்திருக்கும். ஷிமானோ 2003இல் தன் உயர்தரத் தொகுதியில் கொண்டுவந்த அமைப்பு அது. உறுதியானது, எடை குறைந்தது, கழற்றுவதும் சுலபம் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனது சட்டகத்துக்கும் அது பொருந்தும். ஆனால் உப்புக் காற்றும் மணலும் நேரே படும் இடத்தில் போளம் இருக்கிறது. அது தேய்ந்தால் புதிய போளத்துக்கும் அதைத் திறக்கும் சாவிக்கும் கொழும்பைத்தான் நாடவேண்டும்.

கடையின் உள்ளே வாங்கில் அமர்ந்திருந்த தம்பியின் வாப்பா அதுவரை பேசவில்லை. அவர் யாழ்ப்பாணத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது ஸ்பனர் பெட்டியைக்கூட எடுக்க முடியாமல் வந்தவர். புத்தளம் மாவட்டத்துக்கு வந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அவருடையதும் ஒன்று. அகதி முகாமில், யாரோ கொடுத்த ஒரு சுத்தியலையும் ஒரு சாவியையும் வைத்துக்கொண்டு மரநிழலில் மறுபடி தொடங்கினார். பழைய ரலி வண்டிகளில் கிராங்கை அச்சோடு பிணைத்தது கொட்டர் பின் என்ற சிறிய உருக்கு ஆணி. அளவு சரியாக இல்லாவிட்டால் அரத்தால் இராவிப் பொருத்தலாம். "ஒரு அரமும் ஒரு சுத்தியலும் இருந்தாப் போதும் தம்பி, அந்தக் கிராங்க நான் எந்த ஊரிலயும் திறப்பன்" என்றார்.

பிறகு சொன்னார்: "புதுச் சாமான் நல்ல சாமான்தான். அதத் திறக்கிற சாவி ஆர்ட்ட இருக்கு எண்டு கேட்டுப்போட்டு வாங்கு."

நான் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருந்த கேள்விதான். ஆனால் எல்லாச் சாவிகளையும் ஒரே நாளில் இழந்த ஒருவரின் வாயிலிருந்து வரும்போது அதன் எடை வேறு. அவர் விட்டு வந்த யாழ்ப்பாணத்தில், தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக் காலத்தில், எரிபொருளும் மின்சாரமும் இல்லாத ஊரை உயிரோடு வைத்திருந்தது சைக்கிள்தான். நோயாளியும் விறகும் நெல்மூட்டையும் அதிலேயே போயின. சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். செய்தி எழுதிப் பிழைக்கும் எவனும் அந்தக் காட்சியை மறக்கலாகாது. கிராங்க் என்பது அங்கே செய்தியைக் கொண்டுவந்த கைப்பிடியாகவும் இருந்தது. அந்த வண்டிகள் அத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் அவற்றின் தரம் மட்டுமன்று. ஊரில் எவரும் அவற்றைத் திறக்க முடிந்தது என்பதும் காரணம்.

முடிவு எளிதாயிற்று. புத்தளத்தில் ஜப்பானிய பழைய சைக்கிள்களைப் பிரித்து விற்கும் ஒரு கடையில், மூன்றாவது முறை போனபோது, 110 விட்டத்து ஐந்து கை அலுமினியத் தொகுதி ஒன்று கிடைத்தது. வாங்குமுன் நான்கு இடங்களைப் பார்த்தேன். முதலாவது சதுரத் துளை, நான்கு மூலைகளும் கூர்மையாக இருந்தன. இரண்டாவது பெடல் மரை, இருபுறமும் பழுதில்லை. மூன்றாவது புல்லர் பூட்டும் உள்மரை. 22 மில்லிமீற்றர் அளவுள்ள இந்த மரை கெட்டுவிட்டால் கிராங்கை ஒழுங்காகக் கழற்றவே முடியாது. நான்காவது, கைகளின் அடியில் மயிரிழை வெடிப்பு உண்டா என்பது. அலுமினியம் வளைந்து எச்சரிப்பதில்லை, ஒருநாள் முறிந்துவிடும். வெள்ளைத் துணியால் துடைத்து வெயிலில் திருப்பிப் பார்க்கவேண்டும். நடுச்சில்லு தேய்ந்திருந்தது, அதற்குப் புதிய 36 வாங்கினேன். அதோடு, அடைத்த போளமுள்ள புதிய பி.பி. அச்சு ஒன்று. அச்சின் நீளத்தை ஊகத்தில் வாங்கக்கூடாது. கிராங்கைப் பூட்டிப் பார்த்து, நடுச்சில்லு சட்டகத்தின் மையக்கோட்டிலிருந்து 47 அல்லது 48 மில்லிமீற்றரில் நிற்கிறதா என்று அளந்தபின் முடிவுசெய்யவேண்டும். எனக்கு 122.5 மில்லிமீற்றர் அச்சு பொருந்திற்று. செலவு மொத்தத்தில் தறையாணித் தொகுதியைவிடக் கூடுதல், புதிய வகையைவிட மிகக் குறைவு.

பூட்டுவதில் இரண்டு மரைகள் எதிர்த்திசையில் திரும்பும். வலப்புற அச்சுக் கிண்ணம் ஒன்று, இடப்புறப் பெடல் மற்றொன்று. மிதிக்கும்போது தானாகக் கழன்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. விமானம் பறக்கவிடுவதற்கு முன் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர்கள் தங்கள் வண்டிகளில் இடப் பெடலுக்கு இந்த எதிர்மரையைக் கையாண்டவர்கள். மரைகளுக்கெல்லாம் கிரீஸ் தாராளமாகப் பூசினோம். நமது கடற்காற்றில் அலுமினியமும் உருக்கும் கிரீஸ் இல்லாமல் சேர்ந்தால், ஈராண்டில் இரண்டையும் பிரிக்க முடியாது. அச்சின் சதுர முகத்துக்குப் பூசலாமா என்பது சைக்கிள்காரர்களிடையே முடியாத வழக்கு. பெரியவர் விரல் நுனியால் மெல்லத் தடவிவிட்டார், நான் வாதிடவில்லை. போல்ட்டை நன்றாக இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்ததும் மீண்டும் ஒருமுறை இறுக்கிப் பார்த்தோம். இதைச் செய்யாமல் விட்டால்தான் சதுரத் துளை அகலும்.

இப்போது 'டக்' ஒலி இல்லை. எதிர்காற்றில் 36க்கு 21 போதுமாக இருக்கிறது. 26 பற்கள் கொண்ட உட்சில்லு இந்த ஊரில் எப்போது தேவைப்படும் என்று தம்பி கேட்டார். தேவைப்படாமல் இருக்கலாம். ஒரு மூட்டை அரிசியைப் பின்னால் கட்டிக்கொண்டு சோளகக் காற்றுக்கு எதிராக வரவேண்டிய நாள் ஒன்று வந்தால் தேவைப்படும். அப்படியொரு நாள் வராது என்று நம் நாட்டில் எவரால் எழுதிக்கொடுக்க முடியும்?

பழைய சைக்கிளுக்குக் கிராங்க் தேடும் அன்பர்களுக்குச் சொல்லக்கூடியது இவ்வளவே. கடைக்குப் போகுமுன் வண்டியை அளந்துகொள்ளுங்கள். போல்ட்டால் பூட்டிய சில்லுகளையே தேடுங்கள். பற்களின் எண்ணிக்கையை விளம்பரத்தைப் பார்த்துத் தீர்மானிக்கவேண்டாம், உங்கள் ஊரின் தரையையும் காற்றையும் உங்கள் முழங்காலையும் கேட்டுத் தீர்மானியுங்கள். உங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் உள்ள சாவியால் திறக்க முடிந்ததை வாங்குங்கள். அவரிடம் அந்தச் சாவி இல்லையென்றால், கிராங்கோடு அதையும் ஒன்று வாங்கி அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள். அந்தச் செலவு வீண்போகாது.